தண்ணீர் பட்டால் கத்தும் பெட்டி

எங்கள் பாடசாலைக்கு ஆக்கத் தொழில்நுட்பக் கூடம் வந்தபோது முதலில் வந்து சேர்ந்தது பூட்டு. கணினிகளும் முப்பரிமாண அச்சுப்பொறியும் ரோபோ செய்கிற சாமான்களும் அடுத்த கிழமைதான் லொறியில் வந்தன. அதிபர் அதற்கு முன்பே கடைக்குப் போய், தென்னந்தோட்டத்து இரும்புக் கேற்றுக்குப் போடுகிற மாதிரி ஒரு பூட்டை வாங்கி, சாவியைத் தன்னுடைய சாவிக் கொத்தில் கோத்துவிட்டார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை ஏறியது. காலணிகளைக் கழற்றவும், பொருட்களைத் தொடாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. கையால் செய்து பழகுவதற்காகக் கட்டிய அறையில் கை வைக்காதே என்று ஒரு விதி. எழுதச் சொன்னவருக்கும் சிரிப்பு வரவில்லை, எழுதியவருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது. நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது எனக்குப் பழைய வியாதி.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிற எங்கள் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய சாமானின் உறையைக் கழற்ற மாட்டோம். டீவி ரிமோட்டுக்குப் பொலித்தீன், செற்றிக்குப் பொலித்தீன், மோட்டர்சைக்கிள் சீற்றுக்குப் பொலித்தீன். வியர்வையில் தொடை ஒட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, புதுசு புதுசாகவே இருக்க வேண்டும். உறை கிழிகிற காலத்தில் உள்ளே இருக்கிற சாமானுக்கும் ஆயுள் முடிந்திருக்கும். அந்த வழக்கப்படியே அச்சுப்பொறியும் வந்த உறையோடு மேசையில் ஏறி உட்கார்ந்தது. பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தார்கள். ஒருத்தி பழக்கதோசத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், மூலஸ்தானத்துக்கும் அந்த அறைக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி நாங்கள் ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடந்தது. இதுவரை நான் போன எந்தப் பயிற்சியிலும் டிமைத் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாளும் மார்க்கர் பேனையும் கொடுக்காமல் விட்டதில்லை. இதிலும் கொடுத்தார்கள். கழுத்தில் ஒலிவாங்கி மாட்டிய ஒருவர் திரையில் படங்களை ஓட்டி, புத்தாக்கச் சிந்தனைக்கு ஐந்து படிகள் இருக்கின்றன என்றார். நாங்கள் ஐந்தையும் கொப்பியில் எழுதினோம். பிறகு குழுவாகப் பிரிந்து அதே ஐந்தையும் டிமைத் தாளில் பெரிதாக எழுதினோம். பிறகு குழுத்தலைவர்கள் எழும்பி அதே ஐந்தையும் வாசித்தார்கள். எங்கள் குழு மூலையில் ஒரு மின்குமிழும் கீறியிருந்ததால் எங்களுக்குக் கைதட்டு கொஞ்சம் கூடுதல். சோற்றுப் பார்சல் நன்றாக இருந்தது, கணவாய்க் கறி போட்டிருந்தார்கள். அந்தப் பயிற்சி முடியும் வரைக்கும் ஒரு திருகாணியை யாரும் கையால் தொடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் சுரைக்காயை டிமைத் தாளில் கீறி, நிறம் தீட்டி, சுவரிலும் ஒட்டிவிட்டு வந்தோம்.

வந்த வேகத்தில் அதிபரிடம் போய் அறையைத் திறந்து தாருங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கமும் விழாமல் பார்த்துக்கொள்கிற மனிதர், பாடசாலையையும் அப்படியே பார்த்துக்கொண்டார்.

"ரீச்சர், அது பெறுமதியான சாமான். புள்ளைகள் கை வெச்சாப் பழுதாப் போயிரும். பழுதாப் போனா நான்தானே பதில் சொல்லணும்" என்றார்.

"ஒண்டும் பழகாமப் புள்ளைகள் வெளியில போனா ஆரு சேர் பதில் சொல்ற?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டில் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே விஞ்ஞான அறையின் பின்மேசையில் ஆரம்பித்தேன். என்னிடம் சொந்தமாக ஒரு சோல்டரிங் அயன் இருந்தது. களுவாஞ்சிக்குடியில் ரேடியோ திருத்துகிற ஒருவர், உயிர் போன ரேடியோக்களை ஒரு பை நிறையத் தந்தார். ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள், அதற்கு ஒரு சாமான் செய்வோம் என்றேன். வகுப்பு எழும்பி நின்று ஒவ்வொருவராகச் சொன்னது. சூழல் மாசடைதல் என்றான் ஒருவன். புவி வெப்பமடைதல் என்றாள் இன்னொருத்தி. ஓசோன் படையில் ஓட்டை என்றான் கடைசி வாங்கில் இருந்தவன்.

"உங்கட வீட்டிலயாடா ஓசோன் ஓட்டை?" என்றேன்.

"இல்ல ரீச்சர், புத்தகத்தில" என்றான். உண்மையைச் சொன்னதற்காக அவனை உட்காரச் சொன்னேன்.

இந்தக் கூத்து முடிந்து மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை மேசைக்கு வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். பெரியகல்லாற்றில் வாவிக் கரையோடு ஒட்டியது அவளுடைய வீடு. தகப்பன் வாவியில் வலை போடுகிறவர், தாய் வெளிநாட்டில். தம்பி தங்கைகளை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"ரீச்சர், மாரியில எங்கட வீட்டுக்குள்ள வெள்ளம் வாறது எங்களுக்குத் தெரியிறல்ல. தகரத்தில மழை விழுற சத்தத்தில ஒண்டும் கேக்கிறல்ல. பாய் நனைஞ்சாத்தான் எழும்புறம். போன முறை என்ட புத்தகமெல்லாம் ஊறிப் போயித்து. கடைசித் தங்கச்சி பாயில நாலு விரல் தண்ணிக்குள்ள கிடந்து அழுறா. நான் நித்திரை" என்றாள்.

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவளுடைய குரல் தாழ்ந்தது. நித்திரை கொண்டதைக் குற்றமாக நினைத்திருக்கிறாள் என்று விளங்கியது. அது விளங்கியதை மறைக்க, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அதட்டி அனுப்பினேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் அந்தப் பின்மேசையை விட்டுப் போகவில்லை. சமாச்சாரம் பெரிய வித்தை இல்லை. கோடு கீறுகிற பிளாஸ்டிக் அடிமட்டத்தின் நுனியில் இரண்டு செப்புக் கம்பி, இடையில் கொஞ்சம் இடைவெளி. தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டால் மின்சாரம் கடக்கும், ரேடியோவில் கழற்றிய டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கும், கத்துகிற சாமான் கத்தும். கத்துவதற்கு, அயல் வீட்டுக் குழந்தை உடைத்துப் போட்ட விளையாட்டுப் பொலிஸ் காரின் சைரனைப் பிடுங்கி வந்தாள். எல்லாவற்றையும் அடக்க ஒரு மாஜரின் டப்பா. மூடியில் பசு மாடு சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் கத்தவில்லை. பிறகு நிற்காமல் கத்தியது. பிறகு வியர்த்த விரல் பட்டாலே கத்தியது. ஒரு நாள் அவளுடைய புத்தகப் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி திறந்து, சொதி ஊற்றுப்பட்டு, கணித பாடத்தின் நடுவில் பைக்குள்ளிருந்து பொலிஸ் வந்தது. கணித ஆசிரியர் என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார். சொதிக்கும் வேலை செய்கிறது என்பது நல்ல செய்தி என்று சொன்னேன். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு காலை அவள் போத்தல்களோடு வந்தாள். ஒன்றில் ஆறு என்று அவர்கள் சொல்கிற வாவியின் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கூரைப் பீலியில் பிடித்த மழைத் தண்ணீர்.

"ஆத்துத் தண்ணிக்கு நல்லாக் கத்துது ரீச்சர். மழைத் தண்ணிக்கு முனகுது. எங்கட வீட்டுக்கு வாறது ரெண்டும் கலந்தது. என்ன செய்ற?" என்று கேட்டாள்.

ஏன் அப்படி என்று நான் அவளிடமே திருப்பிக் கேட்டேன். உப்பு என்று அவள் சொல்ல அரைமணித்தியாலம் எடுத்தது. கம்பிகளை இன்னும் கிட்டக் கிட்டக் கொண்டுவர அடுத்த கிழமை முழுக்க எடுத்தது. ஒரு பின்னேரம் மழைத் தண்ணீரில் ஒரு துளியை விட்டாள், சைரன் அறையைப் பிளந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருடம் மின்கடத்துதிறனைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். ஒரு பிள்ளை அதைக் காதில் கேட்டு நான் கண்டது அன்றைக்குத்தான். மாரி தொடங்க முன் அதைத் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். முட்டுச்சுவரில் நிலத்திலிருந்து எந்த உயரத்தில் கட்டுவது என்றுகூட அளந்து வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து கூடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பூட்டியிருந்த அறையில் என்ன படைப்பாற்றல் விளைந்தது என்று பார்க்க வருகிறார்கள். ஆகவே கண்காட்சி. அதிபர் காலைக் கூட்டத்தில் எல்லோரும் மொடல் கொண்டுவர வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் மொடல் கொண்டுவரச் சொன்னால் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொல்லும், தகப்பன் கடைக்காரனிடம் சொல்வான். கலியாணக் கார்ட் அடிக்கிற கடையில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் எரிமலை, சூரியக் குடும்பம், நவீன கிராமம் எல்லாம் வெட்டி, ஒட்டி, பச்சை நிறத் தூள் தூவித் தருவார்கள். கடை ஒன்று, அச்சும் ஒன்று என்பதால் மூன்று பிள்ளைகள் ஒரே காற்றாலையோடு வந்தார்கள். மூன்றும் சுற்றவில்லை. ஒன்றின் அடியில் "வாழ்க மணமக்கள்" என்று அச்சடித்த மட்டை தெரிந்தது. அதிபர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

இவற்றுக்கு நடுவில் மாஜரின் டப்பாவையும் வைத்தோம். ஓரத்து மேசையில் அதற்கு ஓரிடம் கிடைத்தது. டப்பாவைப் பார்த்து அதிபர் முகத்தைச் சுளித்தார், பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வருகைக்கு முதல் நாள் பூசை. நல்ல நேரம் பார்த்து, நிறைகுடம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, அன்றைக்குத்தான் பொலித்தீனைக் கழற்றினார்கள். தெய்வத்தோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. காலையில் திருநீறு பூசாமல் நானும் படி இறங்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் பொட்டு வைக்காமல் தப்பியது சுவர் மணிக்கூடு மட்டும்தான். அச்சுப்பொறிக்குச் சந்தனம். கணினிகளுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், அதுவும் சரியாகக் கமராக் கண்ணின் மேல். தடையைக் கண்டால் விலகிப் போக வேண்டிய ரோபோவுக்கு, அது தடையைக் காண்கிற இரண்டு வட்டத்திலும் அப்பியிருந்தார்கள். கண் தெரியாத அந்த ரோபோவைப் பிறகு ஓடவிட்டபோது நேராகப் போய் நிறைகுடத்தில் முட்டியது. பாவம், புதுசுதானே, பழகவில்லை என்றார்கள்.

கோயில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேசையாக வந்தார். ஆசிரியர்கள் கை கூப்பி நின்றோம், பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். ஓரத்து மேசைக்கு வந்தார், மாவிலையை உதறினார்.

பொலிஸ் வந்தது.

அப்படி ஒரு சத்தம் அந்த அறை கட்டிய நாளிலிருந்து கேட்டதில்லை. ஐயரின் கையிலிருந்து செம்பு நழுவப் பார்த்தது. தேவாரம் பாடத் தயாராக நின்ற பிள்ளைகள் கதவுப் பக்கம் ஓடினார்கள். சமூகக்கல்வி ஆசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அபசகுனம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை சுவரோரத்திலிருந்து பாய்ந்து வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"வேலை செய்யுது ரீச்சர்! மஞ்சள் தண்ணிக்கும் வேலை செய்யுது!"

அந்த அறையில் அன்றைக்கு இருந்த சாமான்களில் வேலை செய்தது அது ஒன்றுதான். நனைந்தால் கத்துவதற்காகச் செய்த பெட்டி, நனைந்தது, கத்தியது. அதை விளங்கிக்கொண்டவர்கள் நானும் அவளும். மற்றவர்களுக்கு அது பழுதான சாமான்.

"ஆரிட சாமான் இது? நிப்பாட்டுங்க!" என்றார் அதிபர்.

நிப்பாட்டுவதற்குக் கம்பி காய வேண்டும். அவள் சட்டை விளிம்பால் துடைத்தாள். சைரன் முனகி முனகி அடங்கியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போது அதிபர், இத்தனை வருடம் பாடசாலை நடத்திய அனுபவம் முழுவதையும் திரட்டி, ஐயரைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, என்னமோ தோசம் போல இரிக்கு. அதுக்கு மட்டும் இன்னொருக்காத் தெளிச்சு விடுங்க."

ஐயர் தெளித்தார். இந்த முறை தாராளமாகத் தெளித்தார். என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. நான் சிரித்தேன். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தேன். ஐயரும் என்னைப் பார்த்துவிட்டு மாவிலைக்குப் பின்னால் சிரித்ததைக் கண்டேன். அதிபர் சிரிக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையில் மஞ்சள் துளி விழுந்திருந்தது.

பூசை முடிந்ததும் டப்பா அறைக்கு வெளியே போனது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். நான் அதிபருடைய அறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டுப் போனேனா என்று நினைவில்லை.

"சேர், அது பழுதில்ல. அதுட வேலையே அதுதான். அந்தப் புள்ள ரெண்டு மாசமா நிண்டு செஞ்ச சாமான். மற்றதெல்லாம் கடையில வாங்கினது. இதை மட்டும் வெளியில வெச்சா நாம என்ன மனிசர்?"

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"ரீச்சர், வேலை செய்யிறதைப் பத்திப் பிரச்சினையில்ல. நாளைக்குப் பெரிய ஆக்கள் வாறாங்க. நிகழ்ச்சி குழம்பக் கூடா. தேத்தண்ணி தெறிச்சாலும் அது கத்தும். பாக்கவும் வடிவில்ல. டப்பால மாட்டுப் படம் வேற. நீங்க கோவிக்காதீங்க."

கோவிக்காமல் எப்படி இருப்பது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பூட்டைப் பற்றிச் சொன்னேன், பொலித்தீனைப் பற்றிச் சொன்னேன், மூன்று காற்றாலையைப் பற்றிச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒலிபெருக்கிக்காரர் வந்து நின்றார், அதிபர் எழும்பி அவரோடு போனார். நான் வராந்தாவுக்கு வந்து அந்தப் பிள்ளையிடம், நீ செய்தது சரி, உன் பெட்டிதான் சரி, இவர்களுக்குத்தான் விளங்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டில் கட்டு என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மேசைகளுக்குப் புதுத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை கேற் திறக்க முன்பே வந்து எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கையில் டப்பா. ஆனால் டப்பா தெரியவில்லை, மினுங்குகிற பரிசுத் தாளால் சுற்றி, மேலே றிபன் கட்டியிருந்தது. அடிமட்டத்தின் நுனியில் செயற்கை ரோசாப்பூ ஒன்று. முன்பக்கத்தில் பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டிய எழுத்தில் "வெள்ள எச்சரிக்கைப் பொறி".

"ரீச்சர், இப்ப சத்தம் வராது" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சைரனைக் கழத்திட்டன். ஒரு கரைச்சலும் இல்ல. இனி வைக்கலாம்தானே?"

முகம் முழுக்க எதிர்பார்ப்பு. முதல் முறை மழைத் தண்ணீருக்குக் கத்தியபோது இருந்த அதே முகம். எனக்கு எங்கேயாவது போய் அழ வேண்டும் போல இருந்தது. அதற்கிடையில் அதிபர் வந்துவிட்டார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆ, இப்பத்தான் சரி. கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். பெட்டி நடு மேசைக்குப் போனது.

பெரிய ஆட்கள் நண்பகல் தாண்டி வந்தார்கள். பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை, வரவேற்பு நடனம், இன்னொரு பொன்னாடை. நாடா வெட்டிய பிறகு பெரிய அதிகாரி ஒவ்வொரு மேசையாக வந்தார். பெட்டியின் முன்னால் நின்று, மகள், இது என்ன செய்யும் என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று ஒப்புவித்தாள்.

"இயற்கை அனர்த்தங்களிலிருந்து மானிட சமூகத்தைப் பாதுகாக்கும் உயரிய நோக்கோடு இப்பொறி எம்மால் வடிவமைக்கப்பட்டுள்ளது."

ஒரே இரவில் அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாயும் இல்லை, தங்கச்சியும் இல்லை, ஆற்றுத் தண்ணீரும் இல்லை. அதிகாரி, அருமை, நல்ல வடிவா செஞ்சிரிக்கா என்றார். ஒரு தண்ணீர்ப் போத்தல் அவருடைய கையிலேயே இருந்தது. மூடியைத் திறந்து ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதைத் திறந்து குடித்துவிட்டு, பிள்ளையோடும் பெட்டியோடும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். முதற்பரிசு அவளுக்கே கிடைத்தது. மேடையில் கேடயத்தை வாங்கும்போது அவள் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். கைதட்டினேன். வேறு என்ன செய்வது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

கூடம் மறுபடி பூட்டப்பட்டது. அச்சுப்பொறிக்குப் பழைய பொலித்தீன் கிழிந்துவிட்டதென்று தையல்காரரிடம் கொடுத்துத் துணியில் உறை தைத்தார்கள், கரையில் சரிகை வைத்து. பெட்டி அதிபருடைய அறையில் கண்ணாடி அலுமாரிக்குள், கரப்பந்தாட்டக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஏறியது. பெட்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன்.

"பரிசு பெற்ற சாமான் ரீச்சர், அது பாடசாலைச் சொத்து. வாற ஆக்களுக்குக் காட்டத் தேவைப்படும்" என்றார்.

நான் அவரோடு மேலும் மல்லுக்கு நிற்கவில்லை. அலுமாரியில் இருப்பது வெறும் டப்பாதானே, அதைச் செய்த கை வெளியில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களுவாஞ்சிக்குடிக்குப் போய் ரேடியோக்காரரிடம் இன்னொரு டிரான்சிஸ்டர் வாங்கினேன். புதுச் சைரன் வாங்கினேன், முந்தினதை விடச் சத்தம் கூடியது. காற்று வாடையாகத் திரும்பி, வாவிப் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பாடம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பின்மேசையில் பரப்பினேன்.

"வா புள்ள, மாரி வந்துத்து. வீட்டுக்கு ஒண்டு செய்வம். இந்த முறை ரெண்டு நாள்ல முடிச்சிரலாம், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் சாமான்களைப் பார்த்தாள். சைரனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு என்னை மரியாதையாக, கொஞ்சம் குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

"வீட்டுக்கா ரீச்சர்? எங்கட வீட்டுக்கு ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.